உன்னோடு போன பட்டி

சலவைக்கடைப் பெண் இன்று என் குளிர்கோட்டைத் திருப்பித் தந்தபோது, அதன் மேல் பொத்தான் துளையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை ஊசியால் குத்தி வைத்திருந்தாள். "உட்பையில் இருந்தது. ஏதாவது பதக்கமா?" என்று கேட்டாள். பார்த்தால், உன் சிப்ஃபெல். கருநீலம், வெள்ளை, ஊதா என்று மூன்று நிறம் ஓடும் பட்டுப் பட்டியில் ஒரு விரல் நீளத் துண்டு, இரண்டாக மடித்தது. மேலே வெள்ளிக் கொளுக்கி. கொளுக்கியில் உன் பெயரின் முதல் எழுத்தும் என் பெயரின் முதல் எழுத்தும். பதக்கம் இல்லை என்றேன். அப்படியென்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை, எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். பெரிய ஆறுதல். விளக்கம் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவள் நான். ஜெர்மன்காரருக்குத் தமிழரைப் பற்றி, தமிழருக்கு அந்தச் சங்கத்தைப் பற்றி, சங்கத்துக்கு உன் குடும்பத்தைப் பற்றி. நீ போன பிறகாவது இந்த வேலை ஓயும் என்று நினைத்தேன். ஓயவில்லை.

மருந்துக்கடையில் காலை முழுக்க இருமலும் தும்மலும்தான். சனிக்கிழமை என்பதால் மத்தியானத்தோடு விட்டார்கள். கால் கடுக்க ட்ராமில் ஏறி, கோட்டை மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன். பிளாஸ்டிக் பையைப் பிரிக்கவில்லை. வெளியே டோர்ட்மண்டின் சாம்பல் வானம். நீ போய் இது இரண்டாவது குளிர்காலம். உன் அம்மாவுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற நாள் இன்று. அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது. ஆனால் அதற்கு முதலிலிருந்து வரவேண்டும். நீ வரலாறு படித்தவள், நடுவில் தொடங்கினால் ஏசுவாய்.

நீ எனக்கு ஒரு வருடம் முன்னால் அந்தப் பல்கலைக்கழக நகரத்துக்குப் போனாய். எனக்கும் அங்கேயே மருந்தியல் படிக்க இடம் கிடைத்தது, அறை மட்டும் கிடைக்கவில்லை. அறை பார்க்க வரச் சொன்னவர்கள் என் பெயரைத் தொலைபேசியில் கேட்டதும் அறை போய்விட்டது என்றார்கள். அப்போதுதான் நீ எடுத்துச் சொன்னாய்.

"எடி, எங்கட வீட்டில ஒரு அறை காலியா இருக்கு. நல்ல வெளிச்சம். ஆனா சங்கத்தில சேரவேணும்."

"என்ன சங்கம்? கோயில் சங்கமோ?"

"கோயில் சங்கமெண்டா கோயிலில சண்டை பிடிக்கலாம். இது பட்டி போட்டுக்கொண்டு பாட்டுப் படிக்கிற சங்கம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்து பார்த்த பிறகும் விளங்க நாளானது. மாணவிகள் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பார்கள். விசேஷ நாட்களில் தொப்பி வைத்து, வலத் தோளிலிருந்து இடப் பக்க இடுப்புக்குக் குறுக்காகப் பட்டி அணிவார்கள். ஒருமுறை சேர்ந்தால் உயிர் உள்ளவரை அங்கத்தவர். படிப்பு முடிந்து வேலைக்குப் போனவர்கள் வீட்டைத் தாங்குவார்கள், படிக்கிறவர்கள் அதில் இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பெயர் 'ஃபுக்ஸ்', அதாவது நரி. நரிக்கு வழிகாட்ட ஒரு மூத்தவளை அவளே தெரிவு செய்யவேண்டும். தெரிவானவள் அவளுக்குத் தாய் முறை. நான் உன்னைத் தவிர யாரைத் தெரிவு செய்வேன்? அன்றைக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு சிப்ஃபெல் மாற்றிக்கொண்டோம். உன்னுடையது என் இடுப்பில், என்னுடையது உன் இடுப்பில்.

"இனி நான் உனக்கு அம்மா முறை. மரியாதை தா" என்றாய்.

"அப்ப உன்ர அம்மா எனக்கு அம்மம்மாவோ?"

"அதைப் போய் அவவிட்டச் சொல்லு பாப்பம். செருப்பாலை அடிப்பா."

வீட்டாருக்கு நீ சொல்லியிருந்த விளக்கம் வேறு. பெண்கள் மட்டும் இருக்கிற வீடு, ஆண்களுக்கு மேல்மாடியில் இடமில்லை. "மடம் மாதிரியோ?" என்று உன் அம்மா கேட்டாராம். ஓம், மடம் மாதிரித்தான் என்றாயாம். அந்த மடத்தின் நிலவறையில் பியர் பீப்பாய் இருப்பதை நீ சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என் வீட்டிலும் என்னை விட்டார்கள்.

பட்டி அணியும் நாட்களில் எனக்கு உன்மேல் எரிச்சல் வரும். என்னுடையது பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். உன்னுடையதில் ஒரு சுருக்கம் இருக்காது. "என்னண்டடி?" என்று கேட்டால், "அது ரகசியம்" என்று சிரிப்பாய். இரண்டு கிழமைக்கொரு முறை டோர்ட்மண்டுக்குப் போய் உடுப்புத் தோய்த்து வருகிறவள் நீ. அதோடு இதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த நகரத்தின் கதையை நீ எப்போதும் நடந்துகொண்டுதான் சொல்வாய். மலைச்சரிவில் கொடி பறக்கும் பெரிய பெரிய வீடுகள், எல்லாம் ஆண்களின் சங்கங்கள். மூச்சு வாங்க ஏறிக்கொண்டே ஒவ்வொன்றாகக் காட்டுவாய். ஒரே பக்கத்து ஊர்களிலிருந்து படிக்க வந்த பையன்கள் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து குடித்து, மற்ற ஊர்க்காரரோடு சேர்ந்து சண்டை பிடித்ததில் தொடங்கியவை இவை என்பாய். "டோர்ட்மண்டில எங்கட ஆக்களுக்கு ஊருக்கொரு சங்கம் இல்லையோ? அதுகளிட்ட வாளையும் பியரையும் குடுத்துப் பார், இதுதான் வரும்." பிறகு அவர்கள் கன்னத்தில் வாள் கீறல் வாங்குவதைப் பெருமையாக்கினார்கள். சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றாக்கவேண்டும், விடுதலை வேண்டும் என்று பாடினார்கள். நாடு ஒன்றானது. அதற்குப் பிறகு யார் இந்த நாட்டுக்காரர், யார் இல்லை என்று பார்ப்பதில் இறங்கினார்கள். இந்த இடம் வரும்போது உன் குரல் தணியும். யூத மாணவர்களை ஒவ்வொரு வீடாகக் கதவடைத்து வெளியே விட்டதைச் சொல்லும்போது நீ எந்த வீட்டையும் காட்டமாட்டாய்.

பெண்களின் கதைக்கு வந்ததும் மறுபடி உற்சாகம். முதலில் வந்த பெண்கள் வகுப்பில் இருக்கும்போதே பேராசிரியர் "கனவான்களே" என்றுதான் தொடங்குவாராம், பையன்கள் தரையில் காலால் உதைத்துச் சத்தம் போடுவார்களாம். ஆண் துணையில்லாத பெண்களுக்குச் சாப்பாட்டுக்கடையில் மேசை இல்லை. அதனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்து, அடுப்பு மூட்டி, மத்தியானச் சூப் வைத்தார்கள். "சூப்பில தொடங்கின சங்கமடி இது" என்பாய். பல்கலைக்கழக ஊர்வலத்தில் பட்டி இல்லாதவர்களுக்கு இடமில்லை என்றதும் அவர்களும் ஆண்களைப் பார்த்து ஒரு பட்டி தைத்துக்கொண்டார்கள். அது சரியா பிழையா என்று நாங்கள் எத்தனை தரம் வாதாடியிருப்போம்! எனக்கு அது வேடமாகத்தான் தெரிந்தது. நீ விடமாட்டாய்.

அந்தப் பெண்களும் ஒருத்தியை வெளியே விட்டார்கள். மருத்துவம் படித்த யூதப் பெண். மேலிடத்துக் கட்டளை வருவதற்கு முன்னாலேயே, தாங்களாகக் கூடி, கை தூக்கி முடிவெடுத்தார்கள். உயிர் உள்ளவரை என்று சொல்லிப் போட்ட பட்டியைத் திருப்பி வாங்கினார்கள். கொஞ்ச நாளில் அவர்களுடைய சங்கத்தையும் மூடினார்கள் ஆட்சியாளர்கள். பல பத்தாண்டுகள் கழித்து, நாங்கள் சிறுமிகளாக இந்த நாட்டுக்கு வந்த காலத்தில்தான் சில பெண்கள் அதை மறுபடி தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஹெல்கா. அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான், சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. அவருடைய தாய் பழைய சங்கத்தில் இருந்தவர்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. விழா மேடையில் மட்டும் யாரும் சொல்லாத கதை. சங்கத்தின் ஆண்டு விழாவில் வரலாறு பேச உன்னை அழைத்தபோது, ஹெல்கா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதற்கு ஒரு வசனம் போதும்" என்றார். நீ தலையாட்டினாய். மேடையேறி அந்த ஒரு வசனத்தைக் கால் மணித்தியாலம் பேசினாய். மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட இல்லை. முடிந்ததும் ஹெல்கா எழுந்து நின்று, "என் தாயும் கை தூக்கினார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கதிரையில் இருந்தார். அன்றிலிருந்து அவர் உன்னை விட்டு விலகியதே இல்லை.

திரும்பி நடந்து வரும்போது கேட்டேன், இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏன் இதற்குள் இருக்கிறாய் என்று. நீ நின்றாய்.

"ஒருத்தியைத் துரத்தின வீட்டில, துரத்தேலாத ஒருத்தி இருக்கவேணும். அவ்வளவுதான்."

நான் அந்தப் பதிலோடு வாழப் பழகிக்கொண்டேன். உன் அண்ணையால் முடியவில்லை. அவர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணை ஒருநாள் உன்னைக் காரில் கூட்டிப்போக வந்தார். கதவைத் திறந்தது நான். உள்ளே கால் வைத்தவர், கூடத்துக் கொளுக்கிகளில் வரிசையாகத் தொங்கிய சங்கத் தொப்பிகளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. திரும்பிப் போய்க் காரில் இருந்துகொண்டார். டோர்ட்மண்ட் வரும் வரைக்கும் உன்னோடு பேசவில்லையாம். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் சொன்னாராம். அகதியாக வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியபோது, இதே மாதிரித் தொப்பி போட்ட மாணவர்கள் அவரைக் குசினியிலிருந்து கூப்பிட்டுக் கதிரையில் ஏற்றி, உன் நாட்டுப் பாட்டைப் படி என்றார்கள். பயத்தில் அவருக்கு வாயில் வந்தது பள்ளிக்கூடத்தில் படித்த தேவாரம். படித்து முடிக்கும் முன்பே தலையில் பியரை ஊற்றினார்கள். அண்ணை ஏன் கோயிலில் எல்லோரும் பாடும்போது வாய் திறப்பதில்லை என்று உனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அம்மாவுக்கு உது ஒண்டும் தெரியவேண்டாம். நீ என்ன வேடம் போடுறாயெண்டும் தெரியவேண்டாம்" என்றாராம்.

நீ அதற்குப் பிறகு தொப்பியைத் தொடவில்லை. பட்டியை மட்டும் விடவில்லை. அது இரண்டும் ஒன்றுதான் அவருக்கு. நீ எத்தனை வருடம் முயன்றாய்! பெண்களின் சங்கம் வேறு, சூப்பில் தொடங்கியது என்றெல்லாம். தலையில் ஊற்றிய பியர் காயாத ஆளிடம் சூப்பைப் பற்றிச் சொல்லி என்ன பயன்?

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்த அந்தப் பின்னேரம் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சன்னலுக்கு வெளியே மழை. நீ தண்ணீர் கேட்டு, இரண்டு மிடறு குடித்து, கோப்பையைத் தள்ளினாய்.

"ஒரு அலுவல் இருக்கு உனக்கு" என்றாய். "என்ர பட்டி என்னோட வரவேணும். பெட்டிக்குள்ள."

சங்க வழக்கம் அது. இறந்தவளின் பட்டி அவளோடு போகும், சங்கத்துப் பெண் ஒருத்தி கையால் அதை வைப்பாள். எனக்குத் தெரியும். எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது, மறைப்பானேன்? இந்த நிலையிலும் பட்டியா என்று.

"அண்ணை விடமாட்டார்" என்றேன்.

"தெரியும். சண்டை பிடிக்காத. கேள். மாட்டனெண்டா விட்டிடு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "அந்த டொக்டர்ப் பிள்ளையின்ர பட்டியைத் திருப்பி வாங்கினவை. என்ர பட்டியை ஆரும் வாங்கக்கூடாது. எனக்கு அதுதான்."

நான் ஓம் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன்னிடம் சொன்ன கடைசி ஓம் அதுதான்.

நீ போன மறுநாளே அண்ணையிடம் போனேன். மண்டபத்துக்கு நாள் எடுப்பது, குருக்களைப் பிடிப்பது, கனடாச் சொந்தங்களுக்குச் சொல்வது என்று மனிதர் தொலைபேசியும் கையுமாக நின்றார். கண் சிவந்திருந்தது. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏலாது" என்றார்.

"அண்ணை, அவள் கேட்டவள்."

"கேட்டிருப்பாள். எனக்கு ஏலாது பிள்ளை. ஹெல்காவோ ஆரோ, வரட்டும், பின்னுக்கு நிண்டு கும்பிட்டிட்டுப் போகட்டும். அந்தக் கோலத்தோட என்ர தங்கச்சியின்ர பெட்டிக்குக் கிட்ட ஒருத்தரும் வரக்கூடாது. அவளுக்குக் கொள்ளி வைக்கிறது நான். நான் நிக்கிற இடத்தில உது நிக்கேலாது."

சண்டை பிடிக்காதே என்றிருந்தாய். நான் வீட்டுக்கு வந்து ஹெல்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொப்பி வேண்டாம், பட்டி போட்டாலும் கோட்டுக்குள்ளே இருக்கட்டும், பின்வரிசையில் நில்லுங்கள், உன் பட்டியை நான் கைப்பையில் கொண்டு வருகிறேன், முடிந்தால் பார்ப்போம் என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும். ஹெல்கா, "நாங்கள் வருவோம்" என்றார்.

ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே சுடலை என்பது கதிரைகளும் பூக்களும் வெப்பமூட்டியும் உள்ள ஒரு மண்டபம், எல்லோரும் வருகிறார்கள். உன் அம்மா பெட்டியின் தலைமாட்டில் ஒரு கதிரையில் இருந்தார். அழவில்லை, உன் நெற்றியை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். அண்ணை வேட்டியோடு, வெறும் மேலோடு நின்றார். குருக்கள் அவருக்குப் பூணூல் போட்டுவிட்டார். மற்றச் சடங்குகளில் இடத் தோளில் போடுவதை மரணச் சடங்கில் மாற்றி, வலத் தோளிலிருந்து இடப் பக்கம் இறங்கும்படி போடுவார்கள். நான் எத்தனையோ செத்தவீட்டில் பார்த்ததுதான். அன்றைக்கும் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

சடங்கு நீண்டது. மண்டபத்தில் சனம் நெருக்கியடித்தது, வெப்பமூட்டி வேறு. பின்வரிசையில் ஹெல்காவும் இன்னும் இரண்டு பெண்களும் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டோடு நின்றார்கள். ஹெல்காவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. வேர்த்து ஊற்றியது. தள்ளாடினார். பக்கத்தில் நின்ற நம் ஆட்களில் ஒருத்தர், பாவம், நல்ல மனசோடு, அவரைத் தாங்கிப் பிடித்துக் கோட்டைக் கழற்றிவிட்டார்.

பட்டி தெரிந்தது. துக்கத்துக்காக ஒரு ஓரத்தில் கறுப்பு வலைத்துணி சுற்றியிருந்தது. மற்றப்படி அதே கருநீலம், வெள்ளை, ஊதா. வலத் தோளிலிருந்து இடப் பக்கம்.

அண்ணை பார்த்துவிட்டார். கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்தார். நான் முன்னால் போனேன், என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே. அப்போதுதான் உன் அம்மா தலையை நிமிர்த்தினார். ஹெல்காவைப் பார்த்தார். மகனின் மார்பைப் பார்த்தார். மறுபடி ஹெல்காவைப் பார்த்தார்.

"தம்பி," என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி. "அந்த மனிசியும் உன்னைப்போல மாத்திப் போட்டுக்கொண்டெல்லோ வந்திருக்கிறா. செத்தவீட்டுப் பூணூல். உரித்தில்லாமல் ஆரும் அப்பிடிப் போடுவினமோ? விடு, வரட்டும்."

யாரோ ஒருவர் கிசுகிசுத்தார். குருக்கள் பட்டியையும் உன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பழுத்த மனிதர். "வாய்க்கரிசி போடுறவை வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அண்ணைக்கு அது பூணூல் இல்லை என்று தெரியும். எனக்குத் தெரிந்த வரையில், அந்த மண்டபத்தில் நம் ஆட்களில் அவருக்கும் எனக்கும்தான் அது நன்றாகத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. தாயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், ஒரு அடி விலகி வழிவிட்டார்.

ஹெல்கா வந்து, மற்றவர்களைப் பார்த்து அதே மாதிரி மூன்று தரம் அரிசி போட்டார். நான் கைப்பையிலிருந்து உன் பட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரித்தார். உன் சேலைக்கு மேலே, வலத் தோளிலிருந்து வைக்கப் பார்த்தார், மடிந்து மடிந்து விழுந்தது. உன் அம்மா எட்டி அதன் மற்ற நுனியைப் பிடித்து, உள்ளங்கையால் நீவி நீவி, ஒரு சுருக்கமில்லாமல் உன் இடுப்புவரை இழுத்து வைத்தார். ஹெல்கா தங்கள் வழக்கத்து வார்த்தையை மெல்லச் சொன்னார். யாருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் கும்பிட்டார்கள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அண்ணை என்னிடம் வந்தார். மேலில் சால்வை, குளிரில் உதடு நீலம். "அம்மா தெரியாமல் சொல்லிப்போட்டா," என்றார். "அதை அப்பிடியே விடு. அவவுக்குச் சொல்லாத." நான் ஓம் அண்ணை என்றேன். அவர் ஹெல்கா நின்ற பக்கம் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் போனார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க எனக்கு மனமில்லை.

அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, பிரஷர் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். சங்கத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. சொல்லவும் என்ன இருக்கிறது? போன வசந்தத்தில் கடைசி மாணவியும் படிப்பு முடித்துப் போய்விட்டாள். புதிய நரிகள் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உயிர் உள்ளவரை என்ற சொல்லே பாரமாக இருக்கிறது, நான் குறை சொல்லமாட்டேன். வீட்டைப் பூட்டியாயிற்று. கலைக்கவில்லை, தூங்கவிடுகிறோம் என்று ஹெல்கா சொல்கிறார். அவர் குரலும் தூங்கப் போகிற குரல்தான். எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால், உன் பட்டி உன்னோடு போனதே ஒரு தாயின் பிழையால்தானே என்ற எண்ணம் இந்த இரண்டு வருடமும் என்னை அரித்தது. நீ கேட்டது கிடைத்தது. ஆனால் உன்னை உன் வீடு ஏற்றுக்கொண்டதா, இல்லை தெரியாமல் விட்டுவிட்டதா? அதை நினைத்தாலே எனக்குச் சோர்வு வரும்.

இன்று உன் அம்மா கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது கோட்டில் குத்தியிருந்த பிளாஸ்டிக் பையைத்தான்.

"என்னது பிள்ளை உது? இங்க தா."

நான் தடுக்கும் முன்னே பையைக் கிழித்து எடுத்துவிட்டார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "சலவைக்காரர் நாசமாக்கிப் போட்டாங்கள்" என்றார். அதோடு விடவில்லை. குசினிக்குள் போய் அயன் பலகையை விரித்தார். அயனைக் குறைந்த சூட்டில் வைத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை எடுத்து நனைத்துப் பிழிந்தார். வெள்ளிக் கொளுக்கியைப் பலகையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, பட்டியின் மேல் அந்தத் துணியைப் போட்டு, இழுக்காமல், ஒத்தி ஒத்தி எடுத்தார். இழுத்தால் ஊதா நிறம் வெள்ளையில் இறங்கிவிடும். அது எனக்கே தெரியாது, என் பட்டியில் இறங்கியே விட்டது. அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவளின்ர பட்டியையும் நீங்களோ அயன் பண்ணுறனீங்கள்?"

"பின்ன ஆர்? உடுப்புக்குள்ள சுத்திக்கொண்டு வருவாள். எத்தினை வருசம்! மூண்டு நிறம், வலத் தோள், இடப்பக்கம். ஏன் எதுக்கெண்டு எல்லாம் சொன்னவள். அந்த டொக்டர்ப் பெட்டையின்ர கதையும் சொன்னவள்."

"அப்ப அண்டைக்குப் பூணூலெண்டு சொன்னீங்கள்?"

அவர் அயனை நிமிர்த்தி வைத்தார்.

"பூணூலை ஆரும் அயன் பண்ணுறவையோ?" என்றார். "அவனுக்குத் தலையில பியர் ஊத்தினவங்கள் பிள்ளை. அதுவும் எனக்குத் தெரியும், அவன் நித்திரையில கத்துறவன். அவளுக்கோ பட்டி வேணும். ரண்டும் நான் பெத்ததுகள். ஏலாது எண்டு நிண்டவனுக்கு ஓம் எண்டு சொல்ல ஒரு வழி வேணுமெல்லோ? அதுதான் ஒண்டும் அறியாத கிழவி மாதிரிச் சொன்னனான். அவனுக்குச் சொல்லிப்போடாத."

நான் அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை. உன் பட்டியை நீவிய கை, பழக்கப்பட்ட கை. எனக்கு அன்றைக்கே கண் தெரிந்திருக்கவேண்டும். நீ ரகசியம் என்று சிரித்தது இதைத்தான். உன் வீடு தெரிந்துகொண்டுதான் உன்னை அனுப்பியது.

உன் அம்மா என்னை அழவிட்டார். பிறகு சிப்ஃபெலை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"உன்ர பெரிய பட்டி எங்க?"

"அலுமாரிக்குள்ள எங்கயோ கிடக்கு."

"கசங்கித்தான் கிடக்கும். அடுத்த கிழமை கொண்டு வா." நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ர பெட்டிக்குள்ள அதை வைக்க அவள் இல்லை இப்ப. சங்கத்திலயும் ஆக்கள் இருக்கினமோ? ஆர் வைப்பினம்?"

"தெரியேல்லை அம்மா."

"சரி, நான் இருந்தா நான் வைக்கிறன்" என்றார் எண்பத்திரண்டு வயது மனிசி, மாத்திரைப் பெட்டியைத் திறந்துகொண்டே, கடைக்குப் போனால் பால் வாங்கி வருகிறேன் என்பதுபோல.

அலுமாரியைக் கிண்டிப் பட்டியை எடுத்து மேசையில் போட்டிருக்கிறேன். வெள்ளையில் ஊதா இறங்கித்தான் இருக்கிறது. உன் சிப்ஃபெல் கோட்டின் உட்பையில், பழைய இடத்தில். வரும் வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன், ட்ராம் இறங்கும்வரை அயன் சூடு அதில் இன்னும் இருப்பதுபோலவே இருந்தது.